டைமண்ட் பிளான் கேட்டு வந்தவர்

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வயது, ஜிப் கோடு, வீட்டில் எத்தனை பேர், வருட வருமானம் என்று நான்கைத் தட்டினால் போதும். வெண்கலத்திலிருந்து பிளாட்டினம் வரை உலோகங்களின் பெயரில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிளான்கள் வரிசையாக வந்து நிற்கும். மாதம் எவ்வளவு, அரசு மானியம் எவ்வளவு என்று திரையே சொல்லிவிடும். அதை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதில் முக்கால்வாசியை மறந்துவிட்டேன்; மறந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

நான் சொல்ல உட்கார்ந்திருப்பது, எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களைப் பற்றி. அவர்களில் பெரும்பாலோர் "எனக்கு எது சரியா இருக்கும்" என்று கேட்க மாட்டார்கள். "எங்க கோயில்ல ஒருத்தர் இதைவிடக் கம்மியா கட்டறாராமே" என்றுதான் தொடங்குவார்கள். நாம் ரேட்டுகளை ஒப்பிடுவதற்கு முன்பே அவர்கள் ஆட்களை ஒப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் தீர்ந்தது தியாகராஜன் வந்த ஜனவரியில். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது நம் அலுவலகம் ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவில் ஓர் இந்திய மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கறிவேப்பிலை வந்திறங்கும் நாளில் கிளையண்டுகளின் முகமே கொஞ்சம் மலர்ந்திருக்கும். தியாகராஜன் ஒரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். முன்பு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருந்தவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, இனி யாரிடமும் ரெஸ்யூமே நீட்டுவதில்லை என்று இதைத் தொடங்கிவிட்டார். ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய மனைவிமார்களுக்கும் மாமியார்களுக்கும் ஃப்ரீவே பயத்தைப் போக்குவது அவருடைய சிறப்பு. தொப்பை உண்டு, சர்க்கரை உண்டு. தொழில் தந்த பழக்கம் ஒன்றும் உண்டு: பேச்சில் ஏதாவது பதற்றம் வந்தால் அவருடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தும், இல்லாத பிரேக்கைத் தேடி.

உட்கார்ந்ததும் சொன்னார். "மேடம், எனக்கு அந்த டைமண்ட் பிளான் போட்டுடுங்க."

டைமண்ட் என்று ஒன்று கிடையாது, பிளாட்டினத்தோடு மேலே போகும் படி முடிந்துவிடுகிறது என்றேன்.

"என் கோ-பிரதர் வெச்சிருக்காரே."

கோ-பிரதர் என்றால் சகலை. தியாகராஜனின் மனைவி கலா. கலாவின் தங்கை வித்யா. வித்யாவின் கணவர் சுந்தர். மில்பிடாஸில் வீடு. வேலையை விட்டுவிட்டுத் தனியாக கன்சல்டிங் செய்துகொண்டிருந்தார். இரு வீட்டிலும் கணவன், மனைவி, கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். இரு வீட்டிலும் சொந்தத் தொழில், எனவே இன்ஷூரன்ஸை அரசு நடத்தும் பொதுச் சந்தையில்தான் வாங்க வேண்டும். ஆனால் சுந்தர் கட்டும் தொகை இவருக்கு வந்த தொகையில் பாதிகூட இல்லையாம். ஒரே குடும்பத்தில் பெண் எடுத்தவர்களுக்கு இரண்டு ரேட் எப்படி என்பது அவருடைய கேள்வி.

ஃப்ரீமான்ட் இருப்பது ஒரு கவுன்டியில், அதாவது மாவட்டத்தில், மில்பிடாஸ் இருப்பது வேறு கவுன்டியில், எல்லை தாண்டினால் விலை மாறும் என்று விளக்கினேன்.

"டிக்சன் லேண்டிங் ரோடு தாண்டினா ரேட் மாறுமா? அங்கதான் மேடம் நான் டெய்லி யூ-டர்ன் சொல்லிக் குடுக்கறேன்" என்றார், தினமும் தள்ளுபடியின் வாசல் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறோமே என்ற வேதனையோடு.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர். அதிகம் பேச மாட்டார். நான் சேர்ந்த புதிதில், கிளையண்ட் பேசிக்கொண்டிருக்கும்போதே டைப் செய்யத் தொடங்கிவிடுவேன். ஒருநாள் அவர் என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "வாறவை கதைச்சு முடியும் மட்டும் இதில கை வைக்காதையும்." காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டு, சுந்தர் எப்படி எல்லாவற்றிலும் தன்னை முந்துகிறார் என்ற தியாகராஜனின் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுந்தர் வீட்டுக் கூரையில் சோலார் வந்த மறு மாதம் இவர் வீட்டில் வந்தது. சுந்தர் ஹாஃப் மாரத்தான் ஓடினார். இவர் ஷூ வாங்கியதோடு நிறுத்திக்கொண்டார். சுந்தரின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"அந்த ஹெல்த்துக்காகத்தான் மேடம் அவருக்கு டிஸ்கவுன்ட் குடுத்தாங்களாம். வெயிட் கேட்டாங்களாம், பிபி கேட்டாங்களாம், வீட்ல யாருக்காவது ஏதாவது வியாதி இருக்கான்னு கேட்டாங்களாம். எங்கிட்ட வெயிட் கேட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியுது."

இந்த இடத்தில் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு இந்த வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். நானும் நிமிர்ந்தேன். சந்தையில் விற்கப்படும் எந்தப் பிளானும் எடையைக் கேட்காது, வியாதியைக் கேட்காது. கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கேட்டிருக்கிறார்கள் என்றால் சுந்தர் வாங்கியிருப்பது வேறு ஏதோ ஒன்று.

எப்படி வாங்கினார் என்று விசாரித்தேன். இணையத்தில் ரேட் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு தளத்தில் ஃபோன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அரை மணியில் இனிமையான குரலில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. எனக்குப் பெரும்பாலும் விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தால் இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை தருவார்கள். பில் எவ்வளவு வந்தாலும் அந்தத் தொகைதான். ஏற்கெனவே இருக்கிற வியாதி என்றால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட சரக்குக்குத்தான் வைரம், வைடூரியம் என்று பெயர் வைப்பார்கள்.

ஆனால் நான் கேட்டது ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல. தவறாகவும் இருக்கலாம். அதனால், சந்தேகம் என்ற அளவில் மட்டும் தியாகராஜனிடம் சொன்னேன்.

அவர் முகம் பிரகாசமானதை மறைக்க அவரால் முடியவில்லை. "ஏமாந்துட்டாரா?" என்றார். எத்தனையோ வருடங்களாகக் காத்திருந்த செய்தி போல அது அவர் வாயில் இனித்தது. அந்த இனிப்பு மெதுவாகக் கரைந்ததையும் நான் பார்த்தேன். வலது கால் தரையை அழுத்தியது.

"மேடம், வித்யாவுக்கு கால் பிளாடர்ல கல்லு. ஏப்ரல்ல ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க."

சந்தை திறந்திருப்பது அந்த மாதக் கடைசி வரைதான். அதற்குள் சுந்தர் வேறு பிளானுக்கு வராவிட்டால் அந்த வருடம் முழுக்கக் கதவு சாத்தியிருக்கும். நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்றேன்.

"நான் சொன்னா பொறாமைன்னுவார்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "பொறாமைதான். அதனாலதான் நம்ப மாட்டார்" என்று திருத்திக்கொண்டார்.

நானே சுந்தரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நம் அலுவலகத்தில் அதற்கு இடமில்லை, இன்றும் இல்லை. நம்மிடம் கேட்காத ஆளை நாமாகப் போய் அழைக்கக் கூடாது. அப்படி அழைத்த ஒரு குரலிடம்தான் அவர் ஏமாந்திருந்தார். இன்னொரு குரலாக நான் போய்ச் சேர்ந்து என்ன பயன்?

முதலில் கலா முயன்றாள். தங்கையிடம் ஃபோனில் சொன்னாள். வித்யா கணவரிடம் கேட்டாள். சுந்தர் சிரித்துவிட்டு, நாம கம்மியா கட்டறோம்னா உங்க அத்தானுக்குத் தூக்கம் வராதே என்றாராம். விஷயம் அதோடு முடிந்தது.

அடுத்தது என் யோசனை. இதற்குள் தியாகராஜனுக்குச் சரியான பிளானைப் பார்த்து முடித்திருந்தேன். மாணவர்கள் கட்டிய பணத்தையெல்லாம் அவர் வருமானம் என்று போட்டிருந்தார். காருக்கும் பெட்ரோலுக்கும் கார் இன்ஷூரன்ஸுக்கும் போனதைக் கழித்துப் பார்த்ததும் கதை மாறிவிட்டது. நல்ல மானியம் கிடைத்தது. டாக்டரிடம் போகும்போது கொடுக்க வேண்டியதும் குறைந்தது. அந்தச் சலுகை வெள்ளிப் பிளானில் மட்டும்தான் உண்டு, தங்கத்தில்கூடக் கிடையாது. பொங்கலுக்கு இரு குடும்பமும் மில்பிடாஸ் வீட்டில் கூடுவதாக இருந்தது. அங்கே போய் உங்கள் பிளானைப் பற்றிப் பெருமையாகப் பேசுங்கள், உள்ளது உள்ளபடி பேசினாலே போதும், சுந்தருக்குப் பொறுக்காது, தானே என்னைத் தேடி வருவார் என்று சொல்லி அனுப்பினேன். மனித மனத்தை நன்றாகப் படித்துவிட்டோம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

திங்கட்கிழமை தியாகராஜன் வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"சில்வர்னு சொன்னேன் மேடம். டைமண்டுக்கு முன்னாடி சில்வரான்னுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்ணும் சேர்ந்து சிரிச்சா. 'அப்பா, யூ காட் த கன்சொலேஷன் ப்ரைஸ்'ங்கறா."

வித்யா அன்று பொங்கலைத் தொடவில்லை என்பதையும் சொன்னார். நெய்யும் முந்திரியும் அவளுக்கு ஆகாது. சாப்பிட்ட இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, வெறும் ரசம் சாதத்தைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு சமையலறையிலேயே நின்று சாப்பிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

என்னிடம் வேறு யோசனை இல்லை என்றேன். அவரும் கிளம்பிப் போய்விட்டார். மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. நமக்கு அது எப்படிப்பட்ட வாரம் என்று நீங்கள் சீக்கிரமே தெரிந்துகொள்வீர்கள். படிக்கட்டு வரை ஆட்கள் நிற்பார்கள், தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. நடுநடுவே மில்பிடாஸ் வீடு நினைவுக்கு வந்து போனது.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் மதியம், தியாகராஜன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் ஒல்லியாக, உயரமாக, ஓடுவதற்கான கைக்கடிகாரம் கட்டிய ஒருவர். கையில் லேப்டாப். உட்காருவதற்கு முன்பே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேடம், இவர்தான் சுந்தர்" என்றார் தியாகராஜன். "எனக்கு இந்த நம்பர் எல்லாம் ஒண்ணும் புரியல. நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் பயமா இருந்தது. இதுல எல்லாம் சுந்தர்தான் ஸ்மார்ட். என்னை ஏமாத்தறாங்களான்னு கொஞ்சம் பாருங்கன்னு கேட்டு அழைச்சிட்டு வந்தேன்."

ஒரு கணம் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று முறை உட்கார வைத்து விளக்கியிருக்கிறேன். புரிந்து, பாராட்டி, நண்பர்களை அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர். பிறகு மேசைக்குக் கீழே பார்த்தேன். கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, வண்டி சுவரில் மோதப் போவது போல. எனக்குப் புரிந்தது. தன் சகலையை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று வாழ்ந்த மனிதர், தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவரிடமே போய்ச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்.

நான் மறுக்காமல், ஏமாற்றுக்காரியாகவே இருந்துவிட்டேன். சுந்தர் லேப்டாப்பைத் திறந்து குறுக்கு விசாரணையைத் தொடங்கினார். வயதுக்கு வயது விலை ஏறும் கணக்கைக் கேட்டார். கவுன்டி வித்தியாசத்தைக் கேட்டார். மானியத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டு வருமானம் கூடினால் வரி கட்டும்போது என்ன ஆகும் என்று கேட்டார். நல்ல கேள்வி, உங்களில் சிலருக்கே தோன்றாது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு தவறும் சிக்காதது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. கடைசியாகக் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டார்.

"பேசிக்கான ஒண்ணையே விட்டுட்டீங்களே. அண்ணாவுக்கு டயபடீஸ் இருக்கு. நீங்க அவரோட ஹெல்த் பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கலையே."

"கேட்கக் கூடாது" என்றேன். "சந்தையில விக்கற எந்தப் பிளானும் உடம்பைப் பத்திக் கேட்காது. கேட்கறது சட்டப்படி தப்பு."

"கேட்டா?"

"கேட்டா, அது இந்தச் சந்தையைச் சேர்ந்தது இல்ல."

அதற்கு மேல் ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. தியாகராஜன் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தர் லேப்டாப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கண்ணாடிக் கதவு வழியே அவரைப் பார்க்க முடிந்தது. முதலில் நடந்துகொண்டே பேசினார். பிறகு நின்று பேசினார். பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். கீழே கடையில் யாரோ முருங்கைக்காய் இருக்கிறதா என்று விசாரிப்பது தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் குரலில் பழைய மிடுக்கு இல்லை. டைமண்ட் பிளான் விற்றவர்களிடம் ஆபரேஷன் என்று சொன்னதும், ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு தருவோம் என்றார்களாம். மனைவிக்குக் கல் இருப்பது பிளான் எடுப்பதற்கு முன்பே தெரியுமா என்று கேட்டார்களாம். தெரியும் என்றதும் அதுவும் இல்லை என்றுவிட்டார்கள்.

நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் ஜிப் கோடைப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். கன்சல்டிங் வருமானம் நன்றாக இருந்ததால் மானியம் பெயருக்குத்தான் வந்தது. வித்யாவின் டாக்டரும் ஆஸ்பத்திரியும் சேரும்படி ஒரு பிளான் பிடித்தோம். தியாகராஜன் கட்டுவதைவிட அது நிறையவே கூடுதல். இத்தனை காலம் அவர் ஏங்கிய வெற்றி திரையில் எண்ணாகவே எழுதியிருந்தது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் திரையை ஒரு முறை பார்த்துவிட்டு, "சுந்தருக்கு இன்கம் ஜாஸ்தி, அதான் மேடம் சப்சிடி வரல" என்று எனக்கு விளக்கம் சொன்னார், ஏதோ சகலைக்கு விருது கிடைத்ததை அறிவிப்பது போல.

எல்லாம் முடிந்து இருவரும் படியிறங்கினார்கள். அடுத்த கிளையண்டைக் கூப்பிட நான் கதவருகே போனேன். படிக்கட்டில் சுந்தர் நின்று கேட்டது காதில் விழுந்தது.

"அண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்க கேட்ட கேள்வியிலதானே வெளிய வந்தது" என்றார் தியாகராஜன்.

ஏப்ரலில் வித்யாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். பில் வந்தபோது சுந்தர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், கீழே ஒரு வார்த்தையும் எழுதாமல். இன்ஷூரன்ஸ் இல்லாமலிருந்தால் அந்த எண் அவர்கள் வீட்டை என்ன செய்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரேட்டை ஒப்பிட உங்களுக்கு என்னைவிட நல்ல கருவிகள் வந்துவிட்டன. ஒரு நொடியில் எல்லா கவுன்டியையும் காட்டுகின்றன. எதிரில் இருப்பவர் சகலையைப் பற்றிப் புலம்பும்போது மட்டும் அவசரப்பட்டு அவரை வேலைக்குத் திருப்பாதீர்கள். அந்தப் புலம்பலுக்குள் இன்னொரு குடும்பமும் இருக்கலாம். அப்புறம், சரியான பதில் நம்மிடம் இருக்கிறது என்பதற்காக அதை நாம்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. அன்று நான் இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் சுந்தர் எழுந்து போயிருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன்.

அடுத்த சீசனில் பிளானைப் புதுப்பிக்க சுந்தர் தனியாக வந்தார். விசாரணை எதுவும் இல்லை; நான் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"மேடம், அன்னிக்கு அண்ணாவுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் என்னைக் கூட்டிட்டு வந்தார். எனக்கு அது தெரியும்."

எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"கார்ல வர்றப்பவே. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் எங்கிட்ட ஒரு ஹெல்ப் கேட்டதில்ல. அன்னிக்கு வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டார். அப்பவே ஏதோ பெருசா இருக்குன்னு பயந்துட்டேன். கேள்வி கேக்கற சாக்குல அது என்னன்னு தேடிட்டிருந்தேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கார். அப்படியே இருக்கட்டும்."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒருவர் விஷயத்தை மற்றவரிடம் பேசக் கூடாது என்பது நம் தொழிலில் விதி; அன்றைக்கு அந்த விதியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

மறுவாரம் தியாகராஜன் வந்தார். நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, சுந்தர் இந்த வருஷம் என்ன எடுத்திருக்கார் என்று கேட்டார். அது அவருடைய சொந்த விஷயம், சொல்ல முடியாது என்றேன்.

"பரவால்ல மேடம், சொல்ல வேணாம்" என்றார். "அது என்னவா இருந்தாலும் சரி, அதைவிட நல்லதா ஒண்ணு பாருங்க."

அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, கீபோர்டில் கை வைத்தேன்.